கண்டெடுத்தவர் காவலரே: கல்வி வளாகங்களில் இழந்த பொருளும் கைவிட்ட பொருளும்

கல்வியாண்டு முடிந்து மாணவர்கள் ஊர் திரும்பிய பின்னர் ஒரு பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வருவோர், மனிதர் இல்லாத இடத்திலும் மனிதருடைய பொருள்கள் பல கிடப்பதைக் காண்பர். விடுதிக் கொட்டகையில் காற்றிறங்கிய மிதிவண்டிகள்; அறைகளின் பரண்மேல் பூட்டிய தகரப் பெட்டிகள்; நூலக மேசையின்கீழ் ஒரு குடை; விரிவுரைக் கூடத்தின் சன்னலோரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி; இக்காலத்தில் இவற்றோடு கைப்பேசியும் மடிக்கணினியும். இவற்றுள் எது தொலைந்தது, எது மறந்து வைக்கப்பட்டது, எது வேண்டாம் என்று விடப்பட்டது என்பதைப் பொருள் நமக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவரோ அங்கே இல்லை.

இவற்றை யாது செய்வது என்னும் வினா அலுவலக நடைமுறையைச் சார்ந்த சிறு செய்தி என்று கருதி, நாம் அதனைக் காவலாளியிடமும் எழுத்தரிடமும் விட்டுவிடுகிறோம். ஆயின் திருமறை இதனைச் சிறு செய்தியாகக் கொள்ளவில்லை. நியாயப்பிரமாணத்தின் மூன்று நூல்கள் இதைப்பற்றிப் பேசுகின்றன. யூத அறிஞர்கள் ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்கென ஒதுக்கினர். நம் நாட்டுச் சட்டமும் இதுபற்றித் தெளிவாகவே பேசுகிறது.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு கல்லூரியில் விடுதிக் காப்பாளராகப் பணியாற்றினோம். மே மாதத்தில் அறைகளுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. விடுதியில் விடப்பட்டுள்ள பொருள்களைப் பதினைந்து நாள்களுக்குள் உரியவர்கள் எடுத்துச் செல்லவேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினோம். எவரும் வரவில்லை. பதினாறாம் நாள் அப்பொருள்கள் யாவும் பழைய சாமான் வியாபாரிக்கு எடைக்குப் போடப்பட்டன. ஆணையில் கையொப்பமிட்டவர் நாமே. அவற்றுள் ஒரு தகரப் பெட்டி, தந்தையின் திடீர் மரணத்தால் ஆண்டின் நடுவிலே ஊருக்குப் புறப்பட்டுப் போன ஒரு மாணவனுடையது. அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அதற்குள் இருந்தன. மறு ஆண்டு ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்பொருட்டு அவன் அப்பெட்டியைத் தேடி வந்தான். நடந்ததைக் கேட்டு அவன் சினங்கொள்ளவில்லை. “ஐயா, ஒரு கார்டு போட்டிருந்தால் ஓடி வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பேனே” என்று மட்டும் சொன்னான். அவனுடைய வீட்டு முகவரி நம் மேசைமேல் இருந்த சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருந்தது. காவல் நிலையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்து அவன் சான்றிதழ்களின் நகலைப் பெறுவதற்குள் அந்த வேலைக்குரிய நாள் கடந்துவிட்டது.

அன்று நாம் செய்த பிழை யாது? திருட்டன்று. அறிவிப்பு கொடுக்காமலும் இல்லை. உரியவர் வாராமையை, உரியவர் வேண்டாமையாக எடுத்துக்கொண்டதே நம் பிழை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இழத்தலும் கைவிடுதலும்

ஒரு பொருளை இழந்தவனும், அதனைக் கைவிட்டவனும் வெளித்தோற்றத்தில் ஒரே நிலையில் இருக்கின்றனர். இருவர் கையிலும் பொருள் இல்லை. வேறுபாடு உள்ளத்தில் இருக்கிறது. இழந்தவன் உடைமையை விட்டான் அல்லன். உடைமைதான் அவன் கையை விட்டது. கைவிட்டவனோ இனி இது எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்தவன். எனவே கைவிடுதல் என்பது உரியவருடைய மனத்தின் செயல். பொருள் எவ்வளவு காலம் கிடந்தாலும், அதன்மேல் எவ்வளவு தூசி படிந்தாலும், அக்காரணத்தால் மட்டும் அது கைவிடப்பட்ட பொருளாக மாறிவிடுவதில்லை.

உரோமச் சட்டம் இதனை ஓர் எடுத்துக்காட்டினால் நன்கு விளக்குகிறது. பேரரசர் ஜஸ்டீனியன் 533-ஆம் ஆண்டில் சட்ட மாணவருக்கெனவே வெளியிட்ட பாடநூலின் இரண்டாம் நூல், கைவிடப்பட்ட பொருளை முதலில் எடுப்பவர் அதற்கு உரிமையாளராவார் என்று கூறுகிறது. அடுத்தே ஒரு விலக்கையும் அது தருகிறது. புயலில் அகப்பட்ட கப்பலைக் காக்கும்பொருட்டுக் கடலில் எறியப்படும் சரக்கு கைவிடப்பட்டதாகாது. எறிந்தவர் அதனை வேண்டாமென்று எறியவில்லை. உயிர் பிழைக்கவே எறிந்தார். அது கரை ஒதுங்கும்போது தன் ஆதாயத்துக்காக எடுத்துக்கொள்பவர் திருடராவார்.

நம் வளாகங்களில் விடப்படும் பொருள்களுள் எத்தனை இத்தகையவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்தியவன், நோயுற்று வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டவள், குடும்பத்தில் நேர்ந்த மரணத்தால் இரவோடிரவாகப் புறப்பட்டவன் ஆகியோர் விட்டுச் சென்ற பெட்டிகள் புயலில் எறிந்த சரக்கையே ஒத்தவை. வசதி படைத்தவனுக்கு ஒரு பழைய மிதிவண்டியை விட்டுச் செல்வது எளிது. ஏழை மாணவன் விட்டுச் சென்றான் என்றால், திரும்பி வருவதற்குப் பேருந்துக் கட்டணம் இல்லாமையும் அதன் காரணமாக இருக்கலாம்.

2. நியாயப்பிரமாணம் கூறுவது

பழைய ஏற்பாட்டில் இதற்குரிய முதன்மையான பகுதி உபாகமம் 22:1-3 ஆகும். சகோதரனுடைய மாடோ ஆடோ வழிதப்பித் திரிவதைக் கண்டால் அதனைத் திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும். அவன் தொலைவில் இருப்பவனாயினும், யாரென்று அறியப்படாதவனாயினும், அதனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவன் தேடி வரும்வரை வைத்திருந்து ஒப்படைக்க வேண்டும். கழுதைக்கும் ஆடைக்கும் இழந்துபோன வேறெப்பொருளுக்கும் இதுவே விதி. இச்சிறு பகுதியில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன.

முதலாவது, காணாதவன்போல் இருக்கலாகாது என்பது. எபிரேய மூலத்தில் இவ்விடத்தில் வரும் வினைச்சொல் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளுதலைக் குறிக்கும். பொருளை ஒளித்து வைப்பது மட்டுமன்று. அதனைக் காணும் பொறுப்பிலிருந்து தன்னை ஒளித்துக்கொள்வதும் தடுக்கப்படுகிறது. இரண்டாவது, தொலைவும் அறியாமையும் கடமையை நீக்குவதில்லை. அவை கடமையின் வடிவத்தை மாற்றுகின்றன. உரியவனை அறிந்தால் கொண்டுபோய்க் கொடுத்தல், அறியாவிடில் காத்து வைத்தல். மூன்றாவது, காத்து வைக்கும் காலத்துக்கு இங்கே நாள் எண்ணிக்கை இல்லை. அவன் தேடி வருவதே எல்லை.

யாத்திராகமம் 23:4 இதற்கு ஒரு படி மேலே செல்கிறது. அங்கே வழிதப்பிய மாடு சகோதரனுடையதன்று, பகைவனுடையது. அதனையும் அவனிடம் கொண்டுபோய் விடவேண்டும். நமக்குப் பிடிக்காத மாணவனின் பொருள், விடுதி விதிகளை மீறி வெளியேற்றப்பட்டவனின் பொருள், நிர்வாகத்துக்கு எதிராக நின்றவனின் பொருள் ஆகியவற்றுக்கும் இக்கடமை பொருந்தும்.

லேவியராகமம் 6:1-7 இல் இன்னொரு பக்கம் காட்டப்படுகிறது. கண்டெடுத்ததை மறுத்துப் பொய்யாணையிட்டவன், அப்பொருளையும் அதன் மதிப்பில் ஐந்திலொரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்கவேண்டும்; குற்றநிவாரண பலியையும் செலுத்தவேண்டும். அயலானிடம் செய்த வஞ்சனை கர்த்தருக்கு விரோதமான துரோகமென அங்கே கணிக்கப்படுகிறது. எண்ணாகமம் 5:8 இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. ஈட்டைப் பெற்றுக்கொள்ள உறவினரும் இல்லாதபோது அது கர்த்தருக்குரியதாகி ஆசாரியனைச் சேரும். உரியவர் ஒருவரும் இல்லை என்று உறுதிப்பட்ட நிலையிலும், தவறு செய்தவன் கையில் அப்பொருள் தங்குவதற்கு இடமில்லை.

பண்டைய பாபிலோனில் அம்முராபி வகுத்த சட்டங்களிலும், 9 முதல் 13 வரையுள்ள பிரிவுகள் இழந்த பொருளைப் பற்றியவை. அவை பொருள் பிறர் கையில் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் எழும் வழக்கையும் சாட்சிகளையும் தண்டனையையும் பேசுகின்றன. உபாகமமோ வழக்குத் தோன்றுமுன்னரே, வழியில் தனியே நடந்து செல்பவனை நோக்கிப் பேசுகிறது.

3. யூத அறிஞர் விரித்துரைத்தது

ஏறத்தாழக் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ‘பாவா மெட்சியா’ என்னும் பகுதியின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் கண்டெடுத்த பொருளைப் பற்றியது. நம் மாணவர்கள் இதனை வெறும் சட்ட நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாமல் படிக்கவேண்டும் என்பது நம் விருப்பம். ஏனெனில், வளாக அலுவலர் இன்று சந்திக்கும் ஐயங்கள் பலவற்றையும் அவர்கள் முன்னரே சந்தித்துள்ளனர்.

அவர்கள் முதலில் பொருளை இரண்டாகப் பிரித்தனர். சிதறிக் கிடக்கும் நாணயங்களைப் போன்று அடையாளமற்றவை கண்டெடுத்தவனுக்கே உரியவை. பைக்குள் இருக்கும் பணம், பாத்திரத்திலிருக்கும் கனி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நாணயங்கள் ஆகியவற்றையோ அறிவித்தே ஆகவேண்டும். அடையாளம் இருக்கும்வரை உரியவருக்கு நம்பிக்கை உண்டு. நம்பிக்கை இருக்கும்வரை உரிமை உண்டு என்பது இதன் அடிப்படை.

உரியவர் நம்பிக்கையை இழந்துவிட்டால் என்ன? அந்நிலையை அவர்கள் ‘யேயூஷ்’ என்றனர். இதுபற்றி நான்காம் நூற்றாண்டின் பாபிலோனிய அறிஞராகிய அபாயேக்கும் ராவாவுக்கும் இடையே புகழ்பெற்ற விவாதம் ஒன்று நிகழ்ந்தது. பொருள் விழுந்ததை உரியவர் இன்னும் அறியவில்லை. அறிந்தால் நிச்சயமாக நம்பிக்கை இழப்பார். இந்நிலையில் அவர் ஏற்கெனவே கைவிட்டதாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்றார் ராவா. கூடாது என்றார் அபாயே. இவ்விருவருக்கும் இடையே எழுந்த விவாதங்களில் பெரும்பாலும் ராவாவின் கருத்தே சட்டமாயிற்று. அபாயேயின் கருத்து நிலைபெற்ற மிகச் சில விவாதங்களுள் இதுவும் ஒன்று. அறியாதவர் கைவிட்டவராகார். எப்படியும் அவருக்கு இது வேண்டியிராது என்று நாம் அவருக்காகத் தீர்மானித்தல் கூடாது. நாம் அம்மாணவனுடைய பெட்டியைப்பற்றி எண்ணியது ராவாவின் எண்ணமே என்பதைப் பின்னாளில் இப்பகுதியைக் கற்பிக்கும்போது உணர்ந்தோம்.

எவ்வளவு காலம் அறிவிக்கவேண்டும்? அக்கம்பக்கத்தார் அறியும்வரை என்றார் ரபி மெயீர். ரபி யூதாவோ, மூன்று திருவிழாக்களிலும் கடைசித் திருவிழாவுக்குப் பின் ஏழு நாள்களிலும் என்றார். அவ்வேழு நாள்களுக்கு அவர் கூறும் கணக்கு நோக்கத்தக்கது. அறிவிப்பைக் கேட்டவர் தம் வீட்டுக்குச் சென்று பார்க்க மூன்று நாள், திரும்பி வர மூன்று நாள், தம் உரிமையை அறிவிக்க ஒரு நாள். கால எல்லை வைத்திருப்பவரின் வசதியைக்கொண்டு கணிக்கப்படவில்லை. இழந்தவரின் வழிப்பயணத்தைக்கொண்டு கணிக்கப்பட்டது. மே மாதத்தில் வெறுமையான விடுதியின் சுவரில் பதினைந்து நாள் ஒட்டிய தாள் இக்கணக்கில் ஓர் அறிவிப்பே ஆகாது.

அறிவிக்கும் இடத்தையும் அவர்கள் வரையறுத்தனர். எருசலேமில் இழந்தோரும் கண்டெடுத்தோரும் கூடுவதற்கென ஒரு கல் இருந்ததாகத் தல்மூது கூறுகிறது. தேவாலயம் அழிந்தபின் செபாலயங்களிலும் கல்விக்கூடங்களிலும் அறிவிக்குமாறு ஏற்பாடு செய்தனர். கல்விக்கூடம் இழந்த பொருளின் அறிவிப்பிடமாக இருந்தது என்பது நமக்கு நினைவிருத்தல் நன்று.

காத்து வைக்கும் முறையும் விளக்கப்பட்டுள்ளது. சுருள் நூலைக் கண்டெடுத்தவர் முப்பது நாளுக்கொருமுறை அதனை விரித்துப் படிக்கவேண்டும். படிக்க அறியாதவர் சுருட்டியாவது வைக்கவேண்டும். பூச்சியும் ஈரமும் அணுகாமலிருக்கவே இவ்விதி. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அதனைப் பயன்படுத்தலாகாது. ஆடையை முப்பது நாளுக்கொருமுறை உதறவேண்டும். ஆடையின் நன்மைக்காக விரிக்கலாம், தம் பெருமைக்காக விரிக்கலாகாது. உழைத்து உண்ணும் விலங்கை உழைக்கச் செய்து உணவிடலாம். உழைக்காமல் உண்பதை விற்று, பணத்தை உரியவருக்காக வைக்கவேண்டும். பொன்னையும் கண்ணாடியையும் எலியா வரும்வரை தொடலாகாது. பொருளுக்கு நன்மையான செயலுக்கும் காப்பவருக்கு நன்மையான செயலுக்கும் இடையே கோடு வரையப்பட்டுள்ளதைக் காண்கிறோம்.

4. நம் நாட்டுச் சட்டம்

நியாயப்பிரமாணமும் மிஷ்னாவும் நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. ஆயின் நம்மைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இதே திசையில் செல்கிறது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், பாதுகாப்புக்கென ஒரு பொருளை ஒப்புக்கொண்டவருக்கு உள்ள அதே பொறுப்பை ஏற்கிறார். அப்பொறுப்பின் அளவை 151-ஆம் பிரிவு கூறுகிறது. சாதாரண முன்யோசனையுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கவேண்டும். எடுக்காமல் கடந்து செல்பவரைச் சட்டம் தண்டிப்பதில்லை, எடுத்தவரோ காவலராகிறார். திருமறை கடந்து செல்வதையும் தடுக்கிறது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

168-ஆம் பிரிவு கண்டெடுத்தவருக்கும் நியாயம் செய்கிறது. பொருளைக் காப்பதிலும் உரியவரைத் தேடுவதிலும் பட்ட தொல்லைக்கும் செலவுக்கும் அவர் வழக்குத் தொடர இயலாது. ஆனால் ஈடு பெறும்வரை பொருளை நிறுத்தி வைக்கலாம். உரியவர் வெகுமதி அறிவித்திருந்தால் அதற்காக வழக்குத் தொடரலாம். 169-ஆம் பிரிவு விற்பனையைப் பற்றியது. பொதுவாக விற்கப்படும் வகையைச் சார்ந்த பொருளாக இருந்து, தக்க முயற்சி செய்தும் உரியவரைக் காண இயலாதபோதோ, அவர் சட்டப்படியான செலவைத் தர மறுத்தபோதோ, இரண்டு நிலைகளில் மட்டும் விற்கலாம். பொருள் அழியும் அல்லது தன் மதிப்பில் பெரும்பகுதியை இழக்கும் ஆபத்தில் இருத்தல் ஒன்று. காத்த செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டுதல் மற்றொன்று. இடம் வேண்டும் என்பதும் வெள்ளையடிக்க வேண்டும் என்பதும் இப்பிரிவு கூறும் காரணங்களில் இல்லை.

குற்றவியல் சட்டமும் இதனைத் தொடுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையில் 314-ஆம் பிரிவாக இருக்கிறது. உரியவருக்குக் கொடுக்கும் நோக்கத்தோடு எடுப்பது குற்றமன்று. உரியவரை அறிந்தும், அல்லது அறியும் வழியிருந்தும், அல்லது தக்க முறையில் தேடி அறிவித்துத் தக்க காலம் வைத்திருக்குமுன்னும் தமதாக்கிக்கொண்டால் குற்றமாகும். தக்க வழி எது, தக்க காலம் எது என்பதை அந்தந்த நிகழ்ச்சியின் சூழலைக்கொண்டே முடிவு செய்யவேண்டும். அறியும் வழி இருந்தும் என்னும் இச்சொற்களைக் கல்வி நிறுவனங்கள் ஆழ்ந்து நோக்கவேண்டும். தெருவில் கண்டெடுத்தவருக்கு உரியவரை அறியும் வழி அரிது. சேர்க்கைப் பதிவேடும் அறை ஒதுக்கீட்டுப் பட்டியலும் உடைய நிறுவனம் அவ்வாறு கூற இயலாது.

கண்டெடுத்தவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே உள்ள உரிமையை ஆங்கிலப் பொதுச் சட்டம் 1722-இல் ஆர்மரி எதிர் டெலமிரி என்னும் வழக்கில் முடிவு செய்தது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த அணிகலனைப் பொற்கொல்லரிடம் மதிப்பிடக் கொடுத்தான். அவருடைய கடையாள் அதிலிருந்த கற்களை எடுத்துக்கொண்டான். உண்மையான உரிமையாளர் ஒருவரைத் தவிர, மற்ற எவருக்கும் எதிராக அச்சிறுவனின் உரிமை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஏழைச் சிறுவன் எடுத்தது என்பதனால் பெரியவர்கள் அதனைப் பறித்துக்கொள்ள இயலாது.

பல்கலைக்கழகத்துக்கென்றே விதி செய்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் உரிமையியல் சட்டத்தொகுப்பு, 2080.8-ஆம் பிரிவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன்னிடம் சேரும் உரிமை கோரப்படாத பொருள்களுக்கென விதிகள் வகுத்துக்கொள்ள இடமளிக்கிறது. குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்டவற்றைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருந்து, பின்னர்ப் பொது ஏலத்தில் விற்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் அது விதிக்கிறது. நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தத்தம் விதிகளை எழுதிக்கொள்வது நலம்.

5. வளாகத்தில் கைக்கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவதாக, ஓரிடமும் ஒரு பதிவேடும் வேண்டும். கண்டெடுத்த நாள், இடம், கண்டெடுத்தவர், பொருளின் விவரம் ஆகியவற்றை வரிசை எண்ணோடு எழுதி, கொண்டுவந்தவருக்கு ஒரு சீட்டுத் தரவேண்டும். பணமாயின் இருவர் முன்னிலையில் எண்ணி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

இரண்டாவதாக, அறிவிப்பு பொருளின் பெயரைச் சொல்லவேண்டும், அடையாளத்தைச் சொல்லலாகாது. ஒரு கைக்கடிகாரம் கிடைத்துள்ளது என்றால் போதும். வார்ப்பட்டையின் நிறத்தையும் பின்புறத்துக் கீறலையும் உரிமை கோருபவர் சொல்லட்டும். பொருளைச் சொல்லி அடையாளம் சொல்லாதவருக்குக் கொடுக்கலாகாது என்பதே மிஷ்னாவின் விதியுமாகும்.

மூன்றாவதாக, காலத்தைக் கணிக்கும்போது விடுமுறையைக் கழிக்கவேண்டும். மாணவர் வளாகத்தில் இருக்கும் நாள்களே கணக்கில் சேரத்தக்கவை. ஆண்டிறுதியில் கிடைத்தவற்றை அடுத்த பருவம் தொடங்கிச் சில வாரங்கள் செல்லும்வரையேனும் வைத்திருத்தல் தகும்.

நான்காவதாக, பொருளின் வகையை நோக்கவேண்டும். உணவை அன்றே அகற்றலாம். சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒருபோதும் விற்கவோ அழிக்கவோ கூடாது. உரியவர் கிடைக்காவிடில் அவற்றை வழங்கிய அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். கைப்பேசியையும் கணினியையும் உரியவரை அறிவதற்கு வேண்டிய அளவே திறக்கலாம். அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுவது உரியவருக்கு நன்மை. செய்திகளையும் படங்களையும் பார்ப்பது நம் ஆவலுக்குத் தீனி. சுருள் நூலுக்குச் சொன்ன விதி இதற்கும் அப்படியே பொருந்தும். களவு எனத் தோன்றும் பொருளையும் பெருமதிப்புள்ள பொருளையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ஒப்புகை பெறவேண்டும்.

ஐந்தாவதாக, கைவிடப்பட்டதாகத் தோன்றும் மிதிவண்டி, பெட்டி, படுக்கை போன்றவற்றின்மேல் நாள் குறித்த சீட்டைக் கட்டவேண்டும். அறைப் பட்டியலிலிருந்து பெயரைக் கண்டறிந்து, வீட்டு முகவரிக்குக் கடிதமும் கைப்பேசிக்குச் செய்தியும் அனுப்பவேண்டும். இவற்றையெல்லாம் பின்னர்ச் செய்வதைக் காட்டிலும் சிறந்தது, மாணவர் புறப்படும்போதே கேட்பது. விட்டுச் செல்லும் பொருள்களைக் குறித்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று அவரே எழுதிக் கையொப்பமிட ஒரு படிவம் போதும். கைவிடுதல் உரியவரின் மனச்செயல் என்றோம். அவருடைய கையெழுத்தே அதற்குச் சிறந்த சான்று.

ஆறாவதாக, விற்க நேர்ந்தால் பொது ஏலத்தில் விற்கவேண்டும். பொறுப்பிலுள்ள அலுவலரோ அவர் குடும்பத்தாரோ வாங்கலாகாது. விற்ற தொகையைத் தனிக் கணக்கில் எழுதி, உரியவர் பின்னர் வந்தால் செலவு நீக்கிக் கொடுக்கவேண்டும். ஏழை மாணவர் நிதிக்கு அத்தொகையைச் சேர்ப்பது நற்செயலே. ஆயினும் பிறர் பொருளைக்கொண்டு நாம் தர்மம் செய்வதற்கு முன், அது பிறருடையது அன்று என்று உறுதி செய்திருக்கவேண்டும்.

6. கண்டெடுப்போர் யார்?

இறுதியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளாகத்தில் விழுந்து கிடப்பவற்றை முதலில் காண்போர் பேராசிரியர் அல்லர். விடியற்காலையில் கூட்ட வருவோரும் உணவுக்கூடத்தில் மேசை துடைப்போருமே. ஒரு பொருள் காணாமற்போனால் முதலில் ஐயத்துக்கு உள்ளாவோரும் அவர்களே. கண்டெடுத்த பணப்பையைக் கொண்டுவந்து கொடுத்த பெண்ணிடம், இதில் இவ்வளவுதான் இருந்ததா என்று கேட்கும் அலுவலரை நாம் கண்டிருக்கிறோம். அக்கேள்வியைக் கேட்ட பின்னர் அப்பெண் மறுமுறை ஒரு பையைக் கண்டால் என்ன செய்வாள்? காணாதவள்போல் கடந்து செல்வாள். நியாயப்பிரமாணம் விலக்கிய அச்செயலை அவளுக்குக் கற்பித்தவர் நாமாவோம். அவள் கையில் நாம் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டு நிறுவனத்தின் பாதுகாப்புக்கு மட்டுமன்று, அவளுடைய பாதுகாப்புக்கும் உரியது. உரியவர் பொருளைப் பெற்றுச் செல்லும்போது, கண்டெடுத்தவர் பெயரைச் சொல்லி அவருக்கு நன்றி கூறச் செய்வதும் நம் கடமை.

நம் மாணவருள் பலர் நாளை விடுதிக் காப்பாளராகவும் பள்ளித் தாளாளராகவும் சபை ஆயராகவும் பணியாற்றுவர். அப்போது அவர்களிடமும் ஒரு மூலையில் குடைகளும் பைகளும் பெட்டிகளும் சேரும். அவற்றை அகற்றுமாறு ஒரு தாள் கையொப்பத்துக்கு வரும். கையொப்பமிடுமுன் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உரியவருக்கு இது தெரியுமா? தெரியாது எனில், அல்லது தெரியுமா என்பதே நமக்குத் தெரியாது எனில், அத்தாளைத் திருப்பி அனுப்புங்கள். பதிவேட்டை எடுத்து முகவரியைத் தேடுங்கள்.

அம்மாணவன் இப்போது தன் ஊரில் சிறு கடை வைத்துப் பிழைக்கிறான். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவின்போது நமக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறான். ஒவ்வொரு முறையும் அதனைக் கையில் எடுக்கும்போது, நாம் அன்று எழுதாமற்போன அட்டை நம் நினைவுக்கு வருகிறது.